ஐந்தாவது கச்சேரி கொஸ்லந்தையில்

பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுப்பையா பிள்ளை எனக்கு எழுதிய கடிதத்தில் விவரம் நிறைய இருந்தது. அந்தப் பக்கத்துத் துரைமார்கள் சேர்ந்து இங்கிலீஷ் வாத்திய கோஷ்டி ஒன்று நடத்துகிறார்கள். மழை விட்டிருக்கும் இரண்டு மாதத்துக்குள் ஐந்து இடங்களில் ஐந்து கச்சேரி. கிளாரினெட் வாசித்த துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். தஞ்சாவூரில் இங்கிலீஷ் ஸ்வரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கிறவர்கள் உண்டு என்று பிள்ளை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆகவே நான் உடனே புறப்பட வேண்டும். இதெல்லாம் இரண்டாம் தடவை படித்தபோதுதான் எனக்கு ஏறியது. முதல் தடவை பதுளை என்ற ஊர்ப்பெயருக்கு மேல் கண் நகரவில்லை.

என் தங்கை செல்லம் அந்தப் பக்கத்தில்தான் எங்கோ இருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புருஷன் வேலுவோடு, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவள். யாரையோ பிடித்து எழுதவைத்த கடுதாசி ஒன்று ஒரே தடவை வந்தது. கொஸ்லந்தைக்கு மேலே தேயிலைத் தோட்டம், சுகம், அவ்வளவுதான். தோட்டத்தின் பெயர் இல்லை. நான் பதில் போட முயலவுமில்லை. அவள் போனது என்னால். அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. துரைமார் கச்சேரி வெறும் சாக்கு. அவளைத் திரும்ப அழைத்துவருவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் கிளாரினெட் பெட்டியைத் தூக்கினேன்.

பண்டாரவளையில் ரயில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மாட்டுவண்டி. தஞ்சாவூர்க்காரனுக்கு மலையில் முதலில் காணாமல் போவது வானத்தின் அடிவிளிம்பு. எங்கள் ஊரில் வயல்வரப்பில் நின்றால் நாலு திக்கும் வானம் தரையில் இறங்கியிருக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை எதிரே வந்து நிற்கிறது. வண்டிக்காரரிடம் இதைச் சொன்னேன். "அது கெடக்கட்டும் சாமி, கால மேல தூக்கி வச்சுக்குங்க, அட்டை ஏறுது" என்றார்.

பிள்ளை வீட்டில் விருந்துக்குக் குறைவில்லை. ஆனால் புளி விட வேண்டிய இடத்திலெல்லாம் தேங்காய்ப்பாலை விட்டிருந்தார்கள். சிவப்பு அரிசிச் சோறு, கருவாட்டுப் பொரியல், கண்ணில் நீர் வரவைக்கும் தேங்காய்ச் சம்பல். இரண்டாம் நாள் ரசம் கேட்டேன். ரசத்திலும் லேசாகப் பால் மிதந்தது. பிள்ளையின் பூர்வீகம் திருநெல்வேலி, ஆனால் அவர் நாக்கு எப்போதோ பதுளைக்குக் குடிவந்துவிட்டது. "பழகிடும் மாணிக்கம். பழகின பிறவு ஊர்ச்சாப்பாடு எறங்காது" என்றார். அப்படியானால் செல்லத்துக்கும் இறங்காதோ என்று அன்று முழுவதும் ஒரு கவலை.

கோஷ்டி பதினெட்டுப் பேர். தோட்டத் துரைமார் நாலு பேர், அவர்களுடைய சீமாட்டிகள் மூன்று பேர் பிடிலோடு, மிஷன் பள்ளி வாத்தியார், தபாலாபீஸ் ஆள் ஒருவர், தோட்டத்து மருந்துக்காரர் பீட்டர், நான், மீதி பதுளை வெள்ளைக்காரர்கள். பீட்டருக்கு கார்னெட் என்ற பித்தளை ஊதுகொம்பு. அந்த நாலு துரைமாரில் ஒருவர் செல்லோ என்ற பெரிய பிடிலை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, மாட்டிடம் பால் கறக்கிறவர் மாதிரி உட்கார்ந்து வாசிப்பார். இத்தனை பேரையும் ஒரு குச்சியால் ஆட்டிவைத்தவர் லூவிஸ் மாஸ்டர். பறங்கி இனத்தவர், அரசாங்க அலுவலகத்தில் கணக்கர், தமிழ் நன்றாகப் பேசுவார். எங்கள் பக்கத்தில் வித்துவான் மனம் வைத்தால் ஒரு ராகத்தில் ஒன்றரை மணி நேரம் குடியிருப்பான். இங்கே குச்சி இறங்கினால் மூச்சு நிற்க வேண்டும். முதல் ஒத்திகையில் நான் மட்டும் தனியாக அரை அங்குலம் தள்ளிப் போய் நின்றேன். மாஸ்டர் குச்சியால் என் பக்கம் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். அதற்குப் பிறகு தாண்டவில்லை.

முதல் கச்சேரி துரைமார் கிளப்பில். நாங்கள் நாலு கறுப்புத் தோல்காரர்களும் பின்வாசல் வழியாகப் போய் வாசித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தோம். வாசிக்கும்போது முன்வரிசையில் ஒரு சீமாட்டி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று மாஸ்டரைக் கேட்டேன். "அந்த மனுஷன் மூச்சே விடமாட்டானா என்று கேட்டாள்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, விகாரைப் பக்கத்து மைதானத்தில். பெரஹெரா ஊர்வலத்து மேளக்காரர்கள் நாலு பேரையும் எங்களோடு சேர்த்து வாசிக்கவைக்க மாஸ்டருக்கு ஆசை. சேர்ந்து ஆரம்பித்தோம். நாங்கள் முடித்துவிட்டோம். அவர்கள் முடிக்கவில்லை. மேளத்துக்கு அதன் கணக்கு தீர வேண்டும் அல்லவா. மாஸ்டர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் சொந்த ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

மூன்றாவது கச்சேரிதான் எங்கள் ஆட்களுக்கு. கடைவீதி வியாபாரிகள் பந்தல் போட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் சாமான் வாங்க வந்த தோட்டத்து ஜனங்களும் வீதி நெடுக நின்றார்கள். வாசித்து முடித்ததும் எண்ணெய்க்கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு சந்தேகம். எல்லாரும் ஒரே பாட்டத்தான் வாசிக்கணும்? ஆளுக்கொண்ணா வாசிக்கிறாங்களே, அவங்களுக்குள்ள ஏதும் மனஸ்தாபமா?" என்று கேட்டார். எப்படிச் சொன்னாலும் அவர் ஏற்கவில்லை.

அங்கேதான் ராமசாமிக் கங்காணியைப் பிடித்தேன். கொஸ்லந்தைப் பக்கம் என்று யாரோ காட்டிவிட்டார்கள். அதற்குள் பதுளையில் நான் விசாரிக்காத ஆள் இல்லை, எல்லாரும் தலையைத்தான் ஆட்டினார்கள். வேலு, செல்லம், தஞ்சாவூர் என்றேன்.

"கொம்பு ஊதுற வேலுவாங்க? நம்ம தொரை தோட்டந்தான். பெரிய தொரை, இந்தா, அந்தப் பெரிய பிடில் வாசிக்கிறாரே, அவரு."

எனக்குக் கால் தரிக்கவில்லை. தினமும் என் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் செல்லோ வாசிக்கிற மனுஷனுடைய தோட்டம். உடனே மாஸ்டரை இழுத்துக்கொண்டு துரையிடம் போனேன். துரை பொறுமையாகக் கேட்டார். மாஸ்டர் எனக்குச் சொன்னார்: "அவரிடம் எண்ணூறு பேர் வேலை செய்கிறார்களாம். கடைசிக் கச்சேரி அவர் தோட்டத்தில்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாமாம். இடையில் நீ இரண்டு நாள் காணாமல் போனால் பண்டாரவளையில் யார் வாசிப்பது என்று கேட்கிறார்." அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. அண்ணன் வந்திருக்கிறான் என்று செல்லத்திடம் சொல்லிவிடும்படி கங்காணியைக் கேட்டுக்கொண்டேன்.

அவள் ஏன் போனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அரண்மனை பேண்டில் வாசித்தவர். எனக்கு அவர் பாடம் சொல்லும்போது அவள் பக்கத்து அறையில் அரிசி புடைப்பாள். காதில் விழுந்ததே அவளுக்குப் பாடம். அப்பா போன பிறகு ஒருநாள் வீட்டில் ஒத்திகை, நான் கூட வாசிக்கும் நாட்டியக் கோஷ்டிக்காரர்கள் எதிரே ஒரு இடத்தில் தடுமாறினேன். உள்ளேயிருந்து அவள் அதைச் சரியாக முனகிக்காட்டினாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் வீட்டுக்குள் நுழையும்போது என் கிளாரினெட் கேட்டது, அதே இடம், பிசகில்லாமல். என்னைவிட நன்றாக வாசித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிடுங்கினேன். அவள் வாய் வைத்த நாணல் ரீடைக் கழற்றி அவள் கண் முன்னாலேயே ஒடித்துப் போட்டேன். பொம்பளைக்கு ஊதுகிற வேலை எதுக்கு என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவள் அழவில்லை. இரண்டு மாதத்தில் வேலுவையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிவிட்டாள்.

நாலாவது கச்சேரி பண்டாரவளையில், காற்று மாற வந்த வெள்ளைக்காரச் சீக்காளிகளுக்காக. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள். குளிரில் என் விரல்கள் விறைத்துவிட்டன. தஞ்சாவூரில் வெயிலைத் திட்டாத நாள் கிடையாது. இங்கே அந்த வெயிலில் ஒரு கை கடன் கிடைக்காதா என்று இருந்தது. மறுநாள் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ராமசாமிக் கங்காணி நின்றார். மூச்சு வாங்க ஓடினேன்.

"சொன்னீங்களா?"

"சொன்னேங்க. அண்ணன் வந்திருக்காரு, கோட்டு மாட்டிக்கிட்டுத் தொரைமாரோட வாசிக்கிறாருன்னேன்."

"என்ன சொன்னா?"

"அப்படியான்னுச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க. கொழுந்துக் கூடயத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினேன். கோபமா, சந்தோஷமா, நம்பவில்லையா என்று அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பிள்ளை வீட்டுப் பெண்களிடம்கூட அதைச் சொல்லிக்காட்டி, எந்த மாதிரிச் சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வயிற்றுக்குள் பசி மாதிரி உட்கார்ந்திருந்தது. சோறு அதைத் தொடவில்லை.

கொஸ்லந்தைக்கு மூன்று வண்டிகளில் கிளம்பினோம். முந்தின நாள் போயிருந்தால் ஆற அமரப் பார்த்திருக்கலாம். சீமாட்டி ஒருத்திக்குத் தலைவலி என்று ஒரு நாள் தள்ளிவிட்டார்கள். மலை இறக்கத்தில் நடுவண்டியின் அச்சாணி கழன்றது. பெரிய பிடில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவற்றுக்கு வைக்கோல் மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தை இல்லாதவர் பீட்டர். முகம் குப்புற விழுந்து எழுந்தபோது மேலுதடு வெற்றிலைச் சுருளை அதக்கின மாதிரி வீங்கியிருந்தது. காலோ கையோ போயிருந்தாலும் சமாளிக்கலாம். கார்னெட்காரனுக்கு உதடு போனால் என்ன செய்வது?

ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தேயிலை அரைக்கும் கட்டிடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். இயந்திரத்தை நிறுத்திக் கீழ்த்தளத்தைக் கழுவி எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பச்சைக் கொழுந்து வாடுகிற வாசனை கூரையெல்லாம் நிறைந்திருந்தது. இரட்டைக் கதவைத் திறந்துவிட்டதும் எதிர்ச்சரிவு முழுக்க ஜனங்கள். அத்தனை முகத்தில் என் தங்கை முகம் எது? தேடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் கைதட்டி உட்காரச் சொல்லிவிட்டார். முதல் மூன்று உருப்படிகளை எப்படி வாசித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

கடைசி உருப்படியில்தான் சிக்கல். அது வெளியேயிருந்து வரும் ஒரே ஒரு நீண்ட கொம்பு நாதத்தோடு ஆரம்பிக்கும். அது ஓய்கிற இடத்தில் கிளாரினெட் தனியாகப் பதில் சொல்லி நுழைய வேண்டும். பீட்டர் உதட்டைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினார். துரை செல்லோவைச் சாய்த்துவைத்துவிட்டு ஏதோ சொன்னார். "எங்களிடம் கொம்புக்காரன் ஒருவன் இருக்கிறானே, ஒரு நாதம்தானே வேண்டும் என்கிறார்" என்று மாஸ்டர் சொன்னார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார்.

வேலு வந்தான். சாக்கில் சுற்றிய கொம்பு கையில். அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருந்தான். படியேறியதற்கே இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் கொழுந்து பறிக்கிறவர்கள் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய ஒருத்தி வந்து, அவன் கையிலிருந்து கொம்பை வாங்கினாள்.

"அவருக்கு முடியாதுங்க. நான் ஊதுறேன்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள்.

செல்லம். முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், நான் எங்கே இருப்பேன் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி. பார்வையை எடுத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேருக்கு நடுவே சிக்கியிருந்தேன்.

மாஸ்டர் கொம்பின் சுருதி என்ன என்று கேட்டார். அவள் ஊதிக்காட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு முனகினாள். "இதுல நிக்கும்" என்றாள். அந்த முனகலை எனக்குத் தெரியும். எங்கள் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது. "பரவாயில்லை, ஒரு நாதம்தானே" என்றார் மாஸ்டர். நான் கிளாரினெட்டின் மேல்மூட்டைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். அப்படி இழுத்தால் சுருதி இறங்கும். மற்றப் பதினாறு பேரோடு ஒட்டாது, அவளோடு ஒட்டும். மாஸ்டர் கண்ணை உருட்டினார். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசற்படிக்குப் போய் நின்று கொம்பை எடுத்தாள். குச்சி இறங்கியது. அப்படி ஒரு நாதத்தை நான் எந்த அரண்மனையிலும் கேட்டதில்லை. மலையில் போய் மோதித் திரும்பி வந்தது.

சரிவில் இருந்த எண்ணூறு பேரும் எழுந்தார்கள்.

ரசிக்கத்தான் எழுகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, ஒவ்வொரு கங்காணியின் ஆட்களுக்கும் நடுவே இடம்விட்டு, முகத்தை நேரே வைத்து நின்றுவிட்டார்கள். நாலைந்து பேர் கூடை எடுக்க, குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளைப் பார்த்து ஓடினார்கள். கணக்கப்பிள்ளையின் கை தானாகப் பேரேட்டைத் தேடி அக்குளுக்குப் போயிற்று. விடியற்காலையில் அந்தக் கொம்பு கேட்டால் பெரட்டுக் களத்தில் போய் நின்று வேலை வாங்கிக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காக அதைத் தவிர அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

"பெரட்டு இல்லப்பா, பாட்டு. உக்காருங்க" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் மட்டும், கொம்பு ஊதினால் கலையச் சொல்லும்வரை நிற்க வேண்டும் என்று கடைசிவரை நின்றார். சீமாட்டிகள் பிடிலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முறை எப்போதோ வந்து போய்விட்டது. மாஸ்டர் மறுபடி கையைத் தூக்கினார். செல்லம் மறுபடி ஊதினாள். இந்தத் தடவை நுழைந்தேன். அவள் விட்ட இடத்தில் என் நாதம் தையல் தெரியாமல் ஒட்டியது. அப்பா இருந்திருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்திருப்பார்.

முடிந்ததும் துரை கேட்டார்: தினமும் ஊதுவது யார்? எல்லாரும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர், "வேலுவுக்கு ரெண்டு வருஷமா நெஞ்சுக்கு முடியலீங்க. இந்தப் புள்ளதான் இருட்டோட வந்து ஊதிட்டுப் போகுது" என்றார். தோட்டத்தில் துரை ஒருவருக்குத்தான் அது தெரியாது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நன்றாக ஊதுகிறாள், இனியும் அவளே ஊதட்டும் என்று சொல்லிவிட்டுப் பிடிலை உறையில் போட்டார். நான் மறுத்ததை அந்த மனுஷன் இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டார். எண்ணூறு பேரை வேலைக்கு எழுப்பத்தான் என்றாலும் கொடுத்துவிட்டார்.

ஸ்டோருக்குப் பின்புறம் கல்லில் உட்கார்ந்தோம். ரொட்டியும் பால் விடாத சாயத் தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்தாள். ரொட்டி ஆறிப்போயிருந்தது. அந்த ஊரில் நான் சாப்பிட்டதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நம் தெரு, நம் வீடு, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அன்னைக்கு ரீட ஒடிச்சேன் பாரு, அது தப்பு புள்ள."

"தெரியும்" என்றாள். "நீயும் தெரிஞ்சுக்கிட்டியாக்கும்."

"ஊருக்கு வந்துரு செல்லம். வேலுவுக்கு நல்ல வைத்தியம் பாக்கலாம். உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் என் மடியிலிருந்து கிளாரினெட்டை எடுத்தாள். சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். வாயில் வைக்கவில்லை.

"வர்றேன்னு வச்சுக்க. அங்க என்னய ஊத விடுவியா அண்ணே?"

விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணப் பந்தல்கள், கோயில் வாசல்கள், நாட்டியக் கோஷ்டிக்காரர்கள், எங்கள் தெரு, எல்லாம் கண்முன் வந்தன. என் வீட்டுக்குள்ளே வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொண்டு ஊதலாம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்தும் நான் அவ்வளவு தூரம்தான் வந்திருந்தேன்.

"இங்க நான் ஊதினாத்தான் விடியும்" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, அலுத்துச் சொன்னாளா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "ரீடு ஈரமா இருக்கு. தொடச்சு வையி."

மறுநாள் கருக்கலில் வண்டி பூட்டிவிட்டார்கள். அவளுக்கு அந்த நேரம்தான் வேலை, வழியனுப்ப வர முடியாது என்று முன்பே சொல்லியிருந்தாள். அவள் சுருதிக்காக இழுத்த கிளாரினெட்டின் மேல்மூட்டை நான் இன்னும் உள்ளே தள்ளவில்லை, அதனால் பெட்டி சரியாக மூடாமல் துருத்திக்கொண்டிருந்தது. முதல் வளைவில் திரும்பும்போது மேலேயிருந்து கொம்பு எழுந்தது. அப்படியே வண்டிக்குள் எழுந்துவிட்டேன். கூரைமூங்கில் தலையில் இடித்தது.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "உக்காருங்க சாமி. அது தோட்டத்து ஆளுங்களுக்கு. நம்மளக் கூப்பிடல."

"தெரியும்" என்றேன். அவள் மூச்சு தீர்கிறவரைக்கும் குனிந்தபடியே நின்றேன்.